மருத்துவமனை ஊழியர்களுக்குத் தட்டம்மைத் தடுப்பு: பட்டியல் போடுவதிலிருந்து விலக்கு நாள் கணக்கு வரை

காய்ச்சலும் தடிப்புமாக வந்த குழந்தை ஓ.பி.யில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போகிறது. மறுநாள் அது தட்டம்மை, அதாவது மணல்வாரி, என்று தெரியவருகிறது. எந்த ஊழியருக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று அதற்குப் பிறகு தேடத் தொடங்கினால் காலம் போதாது. தடுப்பூசி போட்டுத் தடுக்க முதல் தொடர்பிலிருந்து 72 மணி நேரம்தான் இருக்கிறது. அதில் ஒரு நாள் ஏற்கெனவே கழிந்துவிட்டது.

அந்த நாள் வருவதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டிய வேலையும், வந்த பிறகு செய்ய வேண்டியதும் வரிசையாகக் கீழே உள்ளன. தமிழ்நாட்டில் நடுத்தர அளவிலான ஒரு மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டு செவிலியரை மனதில் வைத்து எழுதியது இது. வரிசையை மாற்றாதீர்கள். பெரும்பாலான குழப்பங்கள், பட்டியல் போடுவதற்கு முன்பே ஊசியை வாங்குவதாலும் பதிவேட்டைப் பார்ப்பதற்கு முன்பே ரத்தம் எடுப்பதாலும் வருபவை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை நிர்வாகத்தின் கையெழுத்துள்ள ஒரு பக்கக் கொள்கை. யார் போட்டுக்கொள்ள வேண்டும், செலவு யாருடையது, மறுத்தால் என்ன செய்வது, நோய்த் தொடர்பு ஏற்பட்டு வேலையிலிருந்து விலக்கினால் அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்ற நான்கு கேள்விகளுக்கும் அதில் பதில் இருக்க வேண்டும்.

நான்காவது கேள்வியைத் தள்ளிப் போடவே கூடாது. விலக்கு என்றால் குறைந்தது 17 நாள். சம்பளம் பிடிப்பார்கள் என்று தெரிந்தால் மாதச் சம்பளத்தை நம்பியிருக்கும் ஹவுஸ்கீப்பிங் அக்கா “நான் அந்தப் பக்கமே போகலை” என்றுதான் சொல்வார். அவரைக் குறை சொல்ல முடியாது, கொள்கைதான் அப்படிச் சொல்ல வைக்கிறது.

அடுத்தது தடுப்பூசி. அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் வரும் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) குப்பிகள் குழந்தைகளுக்கானவை. ஊழியர்களுக்கு எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) தடுப்பூசியை மருத்துவமனைதான் வாங்க வேண்டியிருக்கும். எத்தனை வாங்குவது என்பது நான்காவது படி முடிந்த பிறகுதான் தெரியும். இப்போதைக்குப் பர்ச்சேஸ் பிரிவிடம் விஷயத்தை மட்டும் சொல்லி வையுங்கள்.

2 முதல் 8 டிகிரி செல்சியஸில் நிற்கும், தினம் இரண்டு வேளை வெப்பநிலை குறிக்கப்படும் ஃபிரிட்ஜ், ரத்தத்தில் தட்டம்மைக்கான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று காட்டும் ஐஜிஜி எலைசா பரிசோதனை செய்து தரும் ஆய்வகம், முடிவெடுக்கும் பொறுப்புள்ள ஒரு மருத்துவர், இவையும் முன்கூட்டியே உறுதியாக வேண்டும்.

2. பட்டியலில் யாரெல்லாம்

தட்டம்மைக் கிருமி காற்றில் பரவுவது. நோயாளி எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்த அறையின் காற்றில் இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் நெருங்கிப் பழகினால் பத்தில் ஒன்பது பேர் வரை நோய்க்கு ஆளாவார்கள். ஆகவே “நோயாளியைத் தொடுபவர்கள்” என்ற அளவுகோல் இங்கே செல்லாது. அந்தக் கட்டடத்தின் காற்றைச் சுவாசிக்கும் எல்லோருமே பட்டியலில் வர வேண்டும்.

எச்.ஆர். தரும் சம்பளப் பட்டியலோடு நின்றுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. ஒப்பந்த ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, கேன்டீன், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள், பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவிகள், வாரம் இரண்டு நாள் வரும் விசிட்டிங் டாக்டர்கள் யாரும் அதில் இருக்க மாட்டார்கள். ஆனால் காய்ச்சலோடு வரும் குழந்தையை முதலில் பார்ப்பது வாசலில் நிற்கும் செக்யூரிட்டி. அடுத்தது ஓ.பி. சீட்டு எழுதுபவர். டாக்டரின் முறை அதற்கெல்லாம் பிறகுதான்.

ஒரே எக்செல் தாள் போதும். அடையாள எண், பிறந்த தேதி, பிரிவு, முதல் தவணைத் தேதி, இரண்டாம் தவணைத் தேதி, எந்த ஆவணம் பார்க்கப்பட்டது, ஐஜிஜி தேதியும் முடிவும், ஊசி கூடாததற்குக் காரணம், அடுத்த தேதி என்று நிரல்களை அமையுங்கள். “போட்டாச்சு / போடலை” என்ற ஒற்றை நிரல் மட்டும் வைத்தால் அவசரத்தில் அது எதற்கும் உதவாது.

3. எது ஆதாரம், எது ஆதாரம் இல்லை

மொத்த வேலையும் இந்தப் படியில்தான் நிற்கிறது, நிதானமாகச் செய்யுங்கள்.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., மருத்துவமனை ஊழியர்களுக்கு வைத்துள்ள அளவுகோலைப் பின்பற்றுவது நடைமுறைக்கு எளிது. ஆதாரம் என்று ஏற்கத்தக்கவை மூன்று. முதலாவது, தட்டம்மைத் தடுப்பு உள்ள ஊசி இரண்டு தவணை போட்டதற்குத் தேதியுடன் எழுத்துப் பதிவு. இரண்டு தவணைக்கும் இடையே குறைந்தது 28 நாள் இருக்க வேண்டும், முதல் தவணை ஒரு வயது முடிந்த பிறகு போட்டதாக இருக்க வேண்டும். இரண்டாவது, ஐஜிஜி பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி இருப்பதாக வந்த முடிவு. மூன்றாவது, முன்பு வந்தது தட்டம்மைதான் என்று ஆய்வகம் உறுதி செய்த அறிக்கை.

1957க்கு முன் பிறந்தவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி உண்டு என்று கொள்ளும் விதியும் அங்கே இருக்கிறது. அது அந்த நாட்டில் நோய் பரவிய வரலாற்றை வைத்து வகுத்தது. அதை இங்கே கொண்டுவந்து பொருத்தாதீர்கள்.

“ஒரு வயது முடிந்த பிறகு” என்ற நிபந்தனையில்தான் நம் ஊரில் பலரும் தடுமாறுகிறார்கள். நம் அரசு அட்டவணையில் முதல் தவணை 9 மாதம் முடிந்ததும் போடப்படுகிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் அந்த வயதில் இன்னும் மிச்சம் இருந்தால் ஊசி முழுமையாகப் பிடிக்காமல் போகலாம். குழந்தைகளைக் காப்பாற்ற அந்த வயதில் போடுவது சரியே. ஆனால் மருத்துவமனை ஊழியர் என்ற கணக்குக்கு 9 மாத ஊசியைச் சேர்க்காமல் விடுவது பாதுகாப்பானது. 9 மாதத்திலும் 16–24 மாதத்திலும் போட்டவருக்குக் கணக்கில் ஒரு தவணைதான், இன்னும் ஒன்று போடுங்கள். கூடுதலாக ஒரு தவணை போவதால் கெடுதல் இல்லை.

பிறந்த ஆண்டைப் பார்த்தாலே ஓரளவு ஊகிக்கலாம். தட்டம்மைத் தடுப்பூசி அரசுத் திட்டத்தில் சேர்ந்தது 1985இல். அதற்கு முன் பிறந்த மூத்த ஊழியர்களில் பெரும்பாலோர் ஊசியே போட்டிருக்க மாட்டார்கள், பலருக்கு நோயே வந்துபோயிருக்கும். இரண்டாம் தவணை 2010க்குப் பிறகே படிப்படியாக வந்தது. ஆகவே இடைப்பட்ட காலத்தில் பிறந்து இன்று முப்பதுகளில் இருக்கும் ஸ்டாஃப் நர்ஸ்களுக்குப் பெரும்பாலும் அந்த 9 மாத ஊசி ஒன்றுதான். ஊசியும் குறைவு, நோய் வந்துபோன வாய்ப்பும் குறைவு. அதிகம் கவனிக்க வேண்டியவர்கள் இவர்களே.

2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தொடங்கிய எம்.ஆர். இயக்கத்தில் 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்டவர்கள் வரை ஒரு தவணை போடப்பட்டது. 2002க்குப் பிறகு பிறந்த நர்சிங் மாணவிகளும் புதிய ஊழியர்களும் அதில் போட்டிருக்கலாம். அட்டை இருந்தால் அதைக் கணக்கில் சேருங்கள். “அப்போ ஸ்கூல்ல படிச்சேன்” என்பதை மட்டும் வைத்துச் சேர்க்காதீர்கள். அந்தச் சமயம் வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பிப் பிள்ளைகளுக்கு ஊசி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பெற்றோர் பலர் உண்டு.

“சின்ன வயசுலயே எல்லாம் போட்டாச்சு சிஸ்டர்” என்பதும், அம்மா ஃபோனில் சொன்னதும் ஆதாரம் ஆகா. படிவத்தில் “அம்மை வந்திருக்கிறதா?” என்றும் கேட்காதீர்கள். ஆம் என்பவர்களில் பெரும்பாலோருக்கு வந்தது சின்னம்மையாக இருக்கும். நோய் வந்துபோனதாகச் சொல்பவரிடம் ஆய்வக அறிக்கை இல்லையென்றால் ஆதாரம் இல்லாதவராகவே வையுங்கள்.

அட்டை கொண்டுவர இரண்டு வாரம் கெடு கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மூன்று மாதம் காத்திருந்தாலும் கிடைக்காத அட்டை கிடைக்காது. அந்த மூன்று மாதமும் ஊழியர் பாதுகாப்பில்லாமல்தான் வேலை பார்ப்பார். அட்டையைப் பார்த்தால் ஃபோட்டோ எடுத்து ஃபைலில் வையுங்கள்.

4. நான்காகப் பிரியுங்கள்

செல்லுபடியாகும் இரண்டு தவணை, ஐஜிஜி முடிவு, நோயை உறுதி செய்த ஆய்வக அறிக்கை ஆகிய மூன்றில் ஏதாவது ஒரு ஆதாரம் உள்ளவர்கள் “அ”. இவர்களுக்கு இனி எதுவும் வேண்டாம். ஒரு தவணை மட்டும் உள்ளவர்கள் “ஆ”, இவர்களுக்கு இன்னும் ஒன்று. எந்த ஆதாரமும் இல்லாதவர்கள் “இ”, 28 நாள் இடைவெளியில் இரண்டு. கர்ப்பம் போன்ற காரணத்தால் இப்போது போட முடியாதவர்கள் “ஈ”.

ஆ எண்ணிக்கையோடு இ எண்ணிக்கையின் இருமடங்கைக் கூட்டினால் வாங்க வேண்டிய ஊசிகளின் உச்ச அளவு வந்துவிடும். இரண்டாம் தவணைக்கானதை இப்போதே வாங்கி அடுக்காமல் ஒரு மாதம் கழித்து வாங்குங்கள். மின்வெட்டில் ஃபிரிட்ஜ் கைவிட்டால் இழப்பு அந்த அளவுக்குக் குறையும்.

5. ரத்தப் பரிசோதனை யாருக்கு

எல்லோருக்கும் ஐஜிஜி பார்த்துவிட்டு எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களுக்கு மட்டும் ஊசி போடலாம் என்று நிர்வாகம் கேட்கும். கேட்க நியாயமாகத்தான் தோன்றும். நடைமுறையில் இதனால் வேலை இழுபடும். ரத்தம் எடுக்க ஒரு நாள், முடிவுக்குச் சில நாள், பிறகு ஆளைத் திரும்ப வரவழைப்பது என்று மூன்று இடத்திலும் ஆட்கள் நழுவுவார்கள். ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி உள்ளவருக்கு ஊசி போட்டாலும் தீங்கில்லை. ஆகவே “இ” பிரிவினருக்குப் பரிசோதிக்காமலே போடத் தொடங்குங்கள்.

மூத்த ஊழியர்கள், கர்ப்பிணிகள், வேறு காரணத்தால் ஊசி போட முடியாதவர்கள், ஊசி வேண்டாம் என்று மறுப்பவர்கள் ஆகியோருக்குப் பரிசோதனை பயன்படும். இவர்களில் யாரைத் தட்டம்மை நோயாளியிடம் அனுப்பலாம் என்று தெரிந்தாக வேண்டும்.

இங்கே மூன்று பிழைகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

ஐஜிஎம் எழுதிவிடுவது ஒன்று. ஐஜிஎம் இப்போதைய நோயைக் கண்டறிவதற்கு. எதிர்ப்புச் சக்தி பார்க்க ஐஜிஜி மட்டுமே.

ரெண்டுங்கெட்டானாக வரும் முடிவை “இருக்கிறது” என்று எடுத்துக்கொள்வது இன்னொன்று. அதை இல்லை என்றே கொண்டு ஊசி போடுங்கள்.

மூன்றாவது, சரியான இரண்டு தவணை போட்டவருக்கும் ஐஜிஜி பார்ப்பது. அது குறைவாக வந்தால் அவர் பதறுவார், நீங்கள் மூன்றாவது, நான்காவது என்று போட்டுக்கொண்டே போவீர்கள். வழக்கமான எலைசா, ஊசியால் வந்த குறைந்த அளவு எதிர்ப்பொருளைத் தவறவிடக்கூடியது. இரண்டு தவணைக்கான எழுத்துப் பதிவு இருந்தால் ரத்த முடிவை விட அதுவே மேல். ஊசி போட்ட பிறகு “பிடித்ததா” என்று பார்க்கவும் தேவையில்லை. இரண்டு தவணை சுமார் 97 சதவீதம் பாதுகாப்பு தரும், ஒரு தவணை சுமார் 93.

6. ஊசிக்கு முன் கேட்க வேண்டியவை

இது உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமி கொண்ட ஊசி. அதனால் கேட்காமல் போடக்கூடாது. வரிசையில் எல்லோர் முன்னிலையிலும் இல்லாமல் தனியாகக் கேளுங்கள்.

கர்ப்பமா என்று கேளுங்கள். ஆம் என்றால் பிரசவத்துக்குப் பிறகு போடலாம். ஊசிக்குப் பிறகு 28 நாள் கருத்தரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தெரியாமல் போட்டுவிட்டு பிறகு கர்ப்பம் என்று தெரிந்தால் அது கருவைக் கலைப்பதற்கான காரணம் அல்ல. இதை அன்றே, தெளிவாக அவரிடம் சொல்லிவிடுங்கள். பாலூட்டும் தாய்க்குத் தாராளமாகப் போடலாம்.

புற்றுநோய் சிகிச்சை, உறுப்பு மாற்று, ஹெச்.ஐ.வி., எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகள் இருந்தால் மருத்துவர் முடிவெடுக்கட்டும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தினம் 20 மி.கி. அல்லது அதற்கு மேல் இரண்டு வாரமோ அதற்கு மேலோ எடுத்திருந்தால், நிறுத்தி ஒரு மாதம் கழித்தே போட வேண்டும்.

நியோமைசின், ஜெலட்டின் இரண்டில் ஒன்றுக்கோ, முன்பு போட்ட இதே ஊசிக்கோ கடும் ஒவ்வாமை வந்திருந்தால் போடக்கூடாது. முட்டை ஒவ்வாமை தடையில்லை.

அண்மையில் ரத்தமோ இம்யூனோகுளோபுலினோ ஏற்றியிருந்தால் அதிலுள்ள எதிர்ப்பொருள் ஊசியைச் செயலிழக்கச் செய்யும். எதை, எவ்வளவு ஏற்றினார்கள் என்பதைப் பொறுத்து 3 முதல் 11 மாதம் வரை தள்ளிப் போக நேரும்.

மான்டூ (காசநோய்த் தோல்) பரிசோதனை பாக்கி இருந்தால் ஊசி போடும் அன்றே செய்யுங்கள், அல்லது நான்கு வாரம் கழித்துச் செய்யுங்கள். இடையில் செய்தால் பொய்யாக எதிர்மறை காட்டலாம். புதிய ஊழியர்களுக்கு இரண்டும் ஒரே வாரத்தில் வருவதால் அடிக்கடி மோதுவது இதுதான். சின்னம்மைத் தடுப்பூசியும் போட வேண்டுமென்றால் அதே நாளில் மற்ற கையில் போடுங்கள், இல்லையென்றால் 28 நாள் விடுங்கள்.

7. ஊசி போடும் நாள்

ஒரு வார்டின் எல்லோருக்கும் ஒரே நாளில் போடாதீர்கள். சிலருக்கு 5 முதல் 12ஆம் நாளுக்குள் காய்ச்சல் வரும், ஐ.சி.யூ.வில் நால்வர் ஒரே வாரத்தில் லீவு போட்டால் ரோஸ்டர் குலையும். வாரத்துக்கு ஒரு பங்கு என்று பிரித்துப் போடுங்கள்.

பொடியைக் கரைக்க அந்தக் குப்பியோடு வந்த கரைப்பானைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். மருத்துவமனைக்குள் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகத் தேவை. 2014இல் சிரியாவின் இத்லிப் பகுதியில் கரைப்பானுக்குப் பதிலாக, மயக்க மருந்தோடு தரும் தசைத் தளர்ப்பியான அட்ராக்கூரியம் கலக்கப்பட்டு 15 குழந்தைகள் இறந்தன. 2018இல் சமோவாவில் எம்.எம்.ஆர். பொடியைத் தசைத் தளர்ப்பி மருந்தில் கரைத்ததால் இரண்டு குழந்தைகள் இறந்தன. அட்ராக்கூரியமும் 2–8 டிகிரியில் வைக்கும் மருந்துதான். ஆபரேஷன் தியேட்டர் ஃபிரிட்ஜில் இடமிருக்கிறது என்று தடுப்பூசியை அங்கே வைப்பது இந்த விபத்துக்கு வாசலைத் திறந்து வைப்பது போல. தடுப்பூசிக்குத் தனி ஃபிரிட்ஜ், அதில் வேறு மருந்து எதுவும் கூடாது.

கரைப்பானும் குளிர்ந்திருக்க வேண்டும், ஆனால் உறையக்கூடாது. அறை வெப்பத்தில் இருந்த கரைப்பானை ஊற்றினால் கிருமி வீரியம் இழக்கும். முழுக் கரைப்பானையும் குப்பிக்குள் செலுத்தி, பொடி கரையும்வரை மெதுவாகச் சுழற்றுங்கள். ஒற்றைத் தவணைக் குப்பியென்றால் ஆள் வந்து உட்கார்ந்த பிறகே கரையுங்கள். பல தவணைக் குப்பியென்றால் கரைத்த நேரத்தை லேபிளில் எழுதி, 4 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தை எறிந்துவிடுங்கள். வெளிச்சமும் வெப்பமும் படக்கூடாது.

அளவு 0.5 மி.லி. மேல் கையின் பின்வெளிப் பக்கம், தோலுக்கு அடியில், 45 டிகிரி சாய்வில். ஸ்பிரிட் தடவினால் அது உலர்ந்த பிறகே குத்துங்கள். ஈர ஸ்பிரிட் உயிருள்ள கிருமியைக் கொன்றுவிடும்.

முப்பது நிமிடம் உட்கார வைத்துக் கவனியுங்கள். அட்ரினலின் 1:1000 மேசை மேல் இருக்கட்டும். கடும் ஒவ்வாமைக்குப் பெரியவர்களுக்கு 0.5 மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். எழுந்து போகுமுன் இரண்டாம் தவணைத் தேதி எழுதிய அட்டையை அவர் கையில் கொடுத்து, பேட்ச் எண்ணை உங்கள் தாளில் எழுதுங்கள்.

8. போட்ட பிறகு

காய்ச்சல், லேசான தடிப்பு, பெண்களுக்குச் சில நாள் மூட்டுவலி வரலாம். ரூபெல்லா எதிர்ப்புச் சக்தி இல்லாத வயதுவந்த பெண்களில் நால்வரில் ஒருவர் வரை இந்த மூட்டுவலி வரும், தானே சரியாகும். முன்பே சொல்லியிருந்தால் பயப்பட மாட்டார்கள், இரண்டாம் தவணைக்கும் வருவார்கள்.

28 நாளைத் தாண்டிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. வந்த அன்றைக்குப் போட்டு முடியுங்கள். 28 நாளுக்கு முன் போட்டது மட்டும் கணக்கில் வராது.

9. நோயாளி வந்துவிட்டால்

சந்தேகம் வந்த உடனே நோயாளிக்கு மாஸ்க் கொடுத்துத் தனி அறைக்கு மாற்றுங்கள், முடிந்தால் உள்காற்று வெளியே கசியாத நெகட்டிவ் பிரஷர் அறைக்கு. எதிர்ப்புச் சக்தி உறுதியானவர்கள் மட்டுமே உள்ளே போகட்டும், அவர்களும் என்-95 அணிந்தே. அவர் இருந்த அறையை, அவர் போன பிறகு இரண்டு மணி நேரம் மூடி வையுங்கள்.

ரத்த மாதிரியும் தொண்டை மாதிரியும் எடுத்து, மாவட்ட சுகாதார அலுவலருக்குத் தகவல் கொடுங்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் இதற்கான ஆய்வகம் இருக்கிறது. தடிப்பு வந்த முதல் மூன்று நாளில் ஐஜிஎம் எதிர்மறையாக வரலாம், அதை நம்பித் தனிமையை விலக்கிவிடாதீர்கள். ஆய்வக முடிவுக்காகக் காத்திருக்காமல் அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.

நோயாளி உள்ளே வந்த நேரம் முதல், ஒவ்வொரு இடத்தையும் விட்டுப் போன இரண்டு மணி நேரம் வரை அங்கே இருந்த ஊழியர்களை எழுதுங்கள். ஓ.பி., பில்லிங், எக்ஸ்ரே, ரத்தம் எடுத்த இடம் எதையும் விடாதீர்கள். தடிப்புக்கு நான்கு நாள் முன்பிருந்து நான்கு நாள் பின்வரை நோய் பரவும். ஆகவே தடிப்பு வருவதற்கு முன் இதே நோயாளி வெறும் காய்ச்சல் என்று வந்துபோயிருந்தால் அந்த வருகையையும் சேருங்கள்.

இப்போது உங்கள் எக்செல் தாளைத் திறக்கலாம். “அ” பிரிவினர் வேலையைத் தொடரட்டும், தினம் காய்ச்சல் மட்டும் பாருங்கள். “ஆ” பிரிவினருக்கு அன்றே இரண்டாம் தவணை, அவர்களும் வேலையைத் தொடரலாம். “இ” பிரிவினருக்கு 72 மணி நேரத்துக்குள் ஊசி, கூடவே விலக்கு. 72 மணி நேரம் தாண்டியிருந்தாலும் போடுங்கள், அடுத்த முறைக்கு உதவும். “ஈ” பிரிவில் எதிர்ப்புச் சக்தி இல்லாத கர்ப்பிணிக்கும், எதிர்ப்புச் சக்தி கடுமையாகக் குன்றியவருக்கும் 6 நாளுக்குள் சிரை வழி (ஐ.வி.) இம்யூனோகுளோபுலின், உடல் எடையில் கிலோவுக்கு 400 மி.கி. ஊசியையும் இம்யூனோகுளோபுலினையும் ஒருவருக்கே சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

10. விலக்கு நாளைக் கணக்கிடுவது

ஆதாரம் இல்லாத ஊழியர், முதல் தொடர்பிலிருந்து 5ஆம் நாள் தொடங்கி, கடைசித் தொடர்பிலிருந்து 21ஆம் நாள் வரை வேலைக்கு வரக்கூடாது. தொடர்பு ஏற்பட்ட நாள் பூஜ்யம். 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டிருந்தாலும், இம்யூனோகுளோபுலின் ஏற்றியிருந்தாலும் இது மாறாது.

மார்ச் 10 அன்று முதல் முறையும் மார்ச் 12 அன்று கடைசியாகவும் அந்த நோயாளியைப் பார்த்தவர் மார்ச் 15 முதல் ஏப்ரல் 2 வரை விலகியிருக்க வேண்டும். இரண்டு முனையையும் ஒரே தேதியிலிருந்து எண்ணி இரண்டு நாள் முன்னதாகவே அழைத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

“அ”, “ஆ” பிரிவினரைக் கவனிப்பதும் இதே 5 முதல் 21 நாள் வரைதான். ஊசி போட்டவருக்கு நோய் வந்தால் அது லேசாக, தடிப்பு தெளிவில்லாமல் வரலாம். காய்ச்சலும் மூக்கொழுகலும் இருந்தாலே வீட்டுக்கு அனுப்பிப் பரிசோதியுங்கள். நோய் உறுதியானால், தடிப்பு வந்த பிறகு நான்கு நாள் முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம்.

தொடர்புக்குப் பிறகு ஊசி போட்டவருக்குப் பத்து நாளில் தடிப்பு வந்தால் அது ஊசியாலா நோயாலா என்று கண்ணால் பிரிக்க முடியாது. தொண்டை மாதிரியில் உள்ள கிருமியின் மரபணு வகை தெரியும்வரை நோய் என்றே நடத்துங்கள்.

11. புதிதாகச் சேருபவர்கள்

வேலையில் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஆறு மாதத்தில் தாளில் பாதி காலியாகிவிடும். நியமன உத்தரவோடு படிவத்தையும் அனுப்பி, சேரும் நாளிலேயே முதல் தவணையைப் போட்டுவிடுங்கள். ஒப்பந்த நிறுவனத்துடனான ஒப்பந்தத்தில், ஆள் மாறும்போது புதியவரின் ஆதாரத்தையும் தர வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். நர்சிங் கல்லூரிக்கும் அதே வரி, மாணவிகள் வார்டுக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்பே போக வேண்டும். இரண்டு தவணைக்கு இடையே 28 நாள் தேவை, அதற்கு முன் அட்டை தேடவும் அவர்களுக்கு நேரம் வேண்டும்.